நைட் ஷிஃப்ட் வாரத்துப் பிள்ளைகள்

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் மட்டும் அவள் பள்ளியிலிருந்து தாமதமாக வருகிறாள் என்பது எனக்குப் பிடிபடவே பல மாதங்கள் ஆயின. மற்ற வாரங்களில் நாலு மணிக்கெல்லாம் வந்து பையைச் சோபாவில் வீசுகிறவள், அந்த ஒரு வாரம் ஐந்தரைக்குத்தான் வருவாள். கேட்டால் "ஸ்பெஷல் கிளாஸ்" என்றாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும் ஸ்பெஷல் கிளாஸ் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். கணவரின் ஷிஃப்டை அதில் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். அவள் தாமதமாக வந்த வாரங்கள் அத்தனையும் அவருக்கு நைட் ஷிஃப்ட்.

அவருக்குச் சுரங்கத்தில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், குளித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் ஐந்து வரை தூங்குவார். எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். அந்த வாரம் முழுக்க வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, டிவி பேசாது. மகள் நாலு வயதிலேயே நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டாள். வந்தவர்களெல்லாம் "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்பார்கள். நானும் அதை என் வளர்ப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டுவதற்கு முன்னால் அவள் எங்கேதான் போகிறாள் என்று பார்த்துவிட ஆசைப்பட்டேன். பயமும் இருந்தது, ஆனால் ஆசைதான் பெரிதாக இருந்தது. அடுத்த நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஒரு நாள், பால் பூத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். மகள் ஐந்தாறு பிள்ளைகளோடு வந்தாள். எல்லோரும் எங்கள் பிளாக் பிள்ளைகள்தாம். எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேராகப் போய், கடைசி வரிசையில் இருந்த காலி குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்பக்கமாக உள்ளே நுழைந்தார்கள். அந்த வரிசை பழசாகிவிட்டது, இடிக்கப்போகிறோம் என்று எப்போதோ ஆட்களைக் காலி செய்திருந்தார்கள். கதவும் ஜன்னலும் கிடையாது. சுற்றிலும் காட்டுச்செடி.

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். உள்ளிருந்து வந்தது கூச்சல். சும்மா கூச்சல். ஒருத்தி தொண்டை கிழியப் பாடினாள். ஒரு பையன் தகரத்தைத் தட்டினான். எல்லோரும் சேர்ந்து "ஆ" என்று ஒரே மூச்சில் கத்தி, யார் குரல் கடைசிவரை நிற்கிறது என்று போட்டி வைத்தார்கள். ஜெயித்த குரல் என் மகளுடையது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் பார்ப்பதற்குள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில், பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரத்தில், அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். தரையைப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பாய், தண்ணீர் பாட்டில்கள். சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது:

செருப்போடு வரவும், பாம்பு இருக்கும்.
தனியாக யாரும் வரக் கூடாது.
யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது.
யாராவது அழுதால் ஏன் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்காரவும்.

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு சத்தம் போட்டுச் சந்தோஷமாக இருக்கிற இடத்தில் யார் அழுகிறார்கள்? என் மகளா? அப்புறம்தான் மேலே பார்த்தேன். கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. பாய்க்கு இரண்டடி தள்ளித் தட்டு அகலத்துக்கு ஒரு கான்கிரீட் வில்லை விழுந்து உடைந்து கிடந்தது. உடைந்த இடம் புதிதாக, வெள்ளையாக இருந்தது.

சாயங்காலம் கணவர் எழுந்ததும் சொன்னேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இதுக்குள்ளயா உக்காந்திருக்குதுங்க? ஒரு வில்லை தலையில விழுந்தா என்ன ஆகறது?" என்று போனை எடுத்தார். கம்பெனியின் டவுன்ஷிப் அலுவலகத்தில் தாமதிக்கவில்லை. இரண்டே நாளில் ஆட்கள் வந்து வாசலையும் ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். பெரிய ஆபத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருவரும் நிம்மதியாக இருந்தோம்.

மகள் எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "கூரை விழுந்திருந்தா என்னடி பண்ணியிருப்பே?" என்றேன்.

"அது எங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் உக்காரமாட்டோம்" என்றாள். பிறகு, "எங்களுக்கு வேற எடம் கிடைக்கும். அந்த அக்கா எங்க போவாங்க?" என்றாள்.

"எந்த அக்கா?"

அவளுக்குச் சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்த குடும்பம். மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பா பகலில் தூங்கும் வாரத்தில் மட்டும்தான் அங்கே போனார்கள். அந்தப் பெண் தினமும் போனாள். தனியாக விடக்கூடாது என்பதற்காக எந்த நாளிலும் இரண்டு பேராவது அவளோடு இருக்கிற மாதிரி பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் சத்தம் போடமாட்டாளாம். மூலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சமைக்க வீட்டுக்குப் போய்விடுவாளாம்.

"ஏன் அழுவா?"

"அதைக் கேக்கக் கூடாதும்மா" என்றாள் மகள், எனக்கு எதுவும் தெரியாதது போல.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மொபெட்டில் காய்கறி கொண்டுவரும் அம்மா எங்கள் பிளாக் முழுக்கச் சுற்றுகிறவர். மறுநாள் கத்தரிக்காய் பொறுக்கும் சாக்கில் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த வூடாம்மா? நாலு மாசமா அந்தப் பொண்ணுதான் வந்து காய் வாங்கினு போவுது. அந்தம்மா எட்டிக்கூடப் பாக்கறதில்ல. ஒருநாள் ஜன்னல் வழியாப் பாத்தேன், செவுத்தப் பாத்துப் படுத்துகினு இருந்துச்சு. ஜொரமான்னு கேட்டேன். ஆமான்னுச்சு பொண்ணு. நாலு மாசமா ஒரு ஜொரம் இருக்குமாம்மா?" என்றார். தராசைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போய்ப் பாக்கக் கூடாதா? நான் கேட்டா நல்லாவா இருக்கும்" என்றார்.

அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு முருங்கைமரம் உண்டு. கீரை கேட்டுப் போனேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, "அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி" என்றாள். மடமடவென்று இரண்டு கொத்து ஒடித்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாள் அந்தக் கீரையில் அடை சுட்டு எடுத்துப்போனேன். டப்பாவை வாங்கிக்கொண்டு சாத்தினாள். மூன்றாவது நாள் டப்பா வாங்கப் போனபோது, கழுவித் துடைத்த டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"எங்க அம்மாவ ஊருக்கு அனுப்பச் சொல்லத்தானே வர்றீங்க?"

"இல்லையே. யாரு அப்படிச் சொன்னது?"

"இப்படியே படுத்துக் கிடந்தா ஊர்ல கொண்டுபோய் விட்டுருவேன்னு அப்பா சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க." குரல் உடையாமல் சொன்னாள். "அந்த வீட்ட அடைக்கச் சொன்னதும் நீங்கதானே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கான்கிரீட் வில்லையைப் பற்றி விளக்கலாம் என்று வாயைத் திறந்து, விட்டுவிட்டேன். அதற்குள் உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது. "யாருட்டி அது? உள்ள வரச் சொல்லேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னைவிடச் சின்ன வயசு. தலை பல நாளாக வாரப்படாமல் இருந்தது. ஜுரம் இல்லை, இருமல் இல்லை, எங்கும் வலி இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, சரியான சொல்லைத் தேடித் தேடிச் சொன்னார்.

"காலைல எந்திக்கணும்னு நெனைக்கேன்க்கா. நெனைக்கேன், நெனைக்கேன். பாத்தா மத்தியானம் ஆயிருது. பிள்ள சமைக்கா, தெரியுது. தெரிஞ்சும் எந்திக்க முடியல. இது என்ன சீக்குன்னு எனக்கே புரியல."

மாமியார் கொடுமையா, கணவன் அடிக்கிறாரா, ஊர் ஞாபகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினார். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை. காரணமே இல்லாமல் ஒருவர் இப்படி ஆக முடியுமா என்ற கேள்வியோடுதான் திரும்பினேன்.

அவருடைய கணவரும் என் கணவரும் ஒரே சுரங்கம்தான், பிரிவுதான் வேறு. வேலை முடிந்து வந்த ஒரு மாலையில் இவர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நல்ல உயரமான மனிதர், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சோம்பேறித்தனம்னு ஏசியிருக்கேன் சார். பொறவு பயமாயிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னா, பைத்தியக்கார டாக்டர்ட்ட போனான்னு செக்சன் பூராப் பேசுவாங்கல்லா. பொட்டப்பிள்ள வேற இருக்கு. அவளுக்கும் அந்தப் பேரு ஒட்டிரும்."

என் கணவர் அதிகம் பேசமாட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நானே அந்த டாக்டர்கிட்டப் போயிருக்கேன்ங்க. ரெண்டு வருசம் ஆச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சுப் படுத்தா தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்கும். மிசின் மேல ஏறவே பயமா இருந்துச்சு. எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். யாரும் பேசல. யாருக்கும் தெரியவும் தெரியாது."

எனக்கும்தான் தெரியாது. பதினைந்து வருடமாக அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்தவள் நான். அவர் தூங்குகிறார் என்று குக்கரை இறக்கி வைத்த எத்தனையோ மதியங்களில் அவர் கண்ணைத் திறந்தபடி கிடந்திருக்கிறார். வந்தவர் போனபிறகு டீ கிளாஸ்களைக் கழுவி வைத்தேன். "நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லல" என்றார் என் கணவர், அவராகவே. அன்று ராத்திரி நாங்கள் இருவரும் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். அவர் கணவரும் நானும்தான் போனோம். டாக்டர் அவரிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போல இதுவும் ஓர் உடம்புக் கோளாறுதான், காரணம் தேடி யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், ஊருக்கு அனுப்புவது மருந்தாகாது என்றார். கடைசியில் டாக்டர் கேட்ட கேள்வி மகளைப் பற்றியது. யார் அவளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள், அவள் எப்போது விளையாடுகிறாள் என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து காலைச் சமையலை அந்தப் பெண்ணின் அப்பாவே எடுத்துக்கொண்டார். முதல் ஷிஃப்ட் வாரத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து, ரசம் வைத்துவிட்டுப் பஸ் ஏறுவார். ரசம் சகிக்காது என்று அந்தப் பெண் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

கூச்சலுக்கு ஓர் இடம் வேண்டுமே. எங்கள் பிளாக்கில் நாலைந்து அம்மாக்களிடம், காலி வீட்டில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லவில்லை. முதலில் எல்லோரும் பதறினார்கள். ஒருவர் பிள்ளையை இனி வெளியிலேயே விடமாட்டேன் என்றார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "எம் பையன் வீட்ல ஊமை மாதிரி இருப்பானே, அவனா தகரம் தட்டினான்?" என்று ஆச்சரியப்பட்டார். வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் வீட்டுக்காரரின் ஷிஃப்டைப் போடவேண்டும். அந்த வாரம் எந்த வீட்டில் பகலில் யாரும் தூங்கவில்லையோ, அங்கே பள்ளி விட்டதும் பிள்ளைகள் போகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும், ஆனால் அந்த அறைக்குள் போகக் கூடாது. இந்த நிபந்தனையைப் போட்டது பிள்ளைகள்.

அந்தப் பெண் உடனே வந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் என் வீட்டு வாசல்படியேறவே மாட்டேன் என்றாள். நான் கூப்பிடவும் இல்லை. மூன்றாவது வாரம் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் உட்கார்ந்தபடி என் மகளோடு பேசினாள். பிறகு ஒருநாள் உள்ளே வந்தாள். என்னைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அவள் அம்மாவுக்கு மாத்திரை பிடிக்க ஒன்றரை மாதம் போல ஆனது. நடுவில் வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒருநாள் காய்கறிக்கார அம்மா என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "யம்மா, அந்தம்மா வெளிய வந்துச்சு! வெண்டக்கா முத்தலா இருக்குன்னு சண்ட புடிச்சுச்சு!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மழைக்காலத்தில் அவள் அம்மா மறுபடி பத்து நாள் படுத்துவிட்டார். அப்போது யாரும் ஒளிக்கவில்லை. எங்கள் குழுவில் சேர்ந்திருந்த அவர் கணவர் அதில், "வீட்டில் உடம்பு சரியில்லை, இந்த வாரம் பாப்பாவுக்குச் சாப்பாடு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா" என்று எழுதினார். அடுத்த அரை மணிக்குள் மூன்று வீட்டிலிருந்து பதில் வந்தது.

இப்போது அந்தப் பெண் பத்தாவது. போன வாரம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மூச்சுவிடாமல் புலம்பினார். ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பிச் சொல்கிறாளாம், கதவை டமாரென்று சாத்துகிறாளாம், ட்யூஷனுக்குப் போகமாட்டேன் என்று நேற்று கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டாராம்.

"என்ன பேச்சு பேசுதாக்கா! என்னய பாத்து, சும்மா இரும்மாங்கா. எனக்கு வந்த கோவத்துக்குக் கரண்டிய எடுத்துட்டேன்க்கா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் பேசாம தோசை தின்னுட்டுப் படுத்தோம்" என்று சொல்லிவிட்டு, நான் நறுக்கி வைத்திருந்த கேரட்டில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.