சம்பந்திக்கு ஒரு கோல்ஃப் பை

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏழுமலை போன் செய்தான். கோல்ஃப் பை ஒன்று வாங்க வேண்டும், கூட வா என்றான்.

நான் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கோல்ஃப்தான். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு ஒருவன் கோல்ஃப் பை தேடுகிறான் என்றால் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் அது மார்கழி. வெயிலே இல்லை.

ஏழுமலையை உங்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். என்னோடு பள்ளியில் படித்தவன். ஊருக்குள் கார் சீட் கவர் தைக்கும் கடை. வீடு பக்கத்திலேயே ஐயம்பேட்டையில். அவன் அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். இவன் ரெக்ஸினோடும் தையல் மெஷினோடும் மல்லுக்கட்டி ஒரே மகள் பிரியாவை இன்ஜினியர் ஆக்கினான். பிரியா சென்னையில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த பையனைப் பிடித்துப்போனது. போன ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா கோபிநாத் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவி வகித்து ரிட்டயர் ஆனவர். மனிதர் ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடுகிறவர்.

கல்யாணம் சென்னையில், குறையில்லாமல் நடந்தது. அதன் பிறகுதான் ஒரு குறை. ஏழு மாதமாகியும் சம்பந்தி ஒரு தடவைகூட ஐயம்பேட்டை வீட்டுக்கு வரவில்லை. மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் வந்தார்கள். ஆடிக்குக் கூப்பிட்டான், தீபாவளிக்குக் கூப்பிட்டான். "பார்க்கலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சிக்கல். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம்.

"நம்ம வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க வர மாட்டேன்றாருபா," என்றான் ஏழுமலை. "எனக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணு அந்த வூட்ல வாழுது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, உங்க அப்பா வூடு இன்னா வூடுன்னு கேட்டுடக் கூடாது."

வேறு ஏதாவது காரணம் இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றான். சொன்ன எனக்கும் நம்பிக்கை இல்லை, கேட்ட அவனுக்கும் இல்லை.

இது தலைப்பொங்கல். பெண் வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். மாமனாரின் பழைய கோல்ஃப் பை ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது என்று பிரியா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். ஏழுமலை அதைப் பிடித்துக்கொண்டான். சீரிலேயே உயர்ந்ததாக ஒரு பை வைத்து, அவர் வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். என்னை ஏன் கூப்பிட்டான்? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் கலைக்க எனக்கும் மனசு வருவதில்லை.

சென்னைக்குப் போனோம். கடையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு விற்பனையாளர் புன்னகையோடு வந்து, ஸ்டாண்ட் பேகா, கார்ட் பேகா என்று கேட்டார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எழுதுகிறவனின் மானம் அங்கேயே பாதி போனது.

பிரியாவுக்கு போன் போட்டோம். மாமாவுக்கு முட்டி வலி, மைதானத்தில் நடக்க மாட்டார், கார்ட் என்கிற அந்தச் சின்ன பேட்டரி வண்டியில்தான் போவார் என்றாள். அப்படியானால் கார்ட் பேக்தான் என்றார் விற்பனையாளர். ஸ்டாண்ட் பேகுக்கு இரண்டு கால் உண்டு, தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கானது. கார்ட் பேகுக்குக் கால் கிடையாது, கனம் கூடுதல். வண்டியின் பின்னால் நிறுத்தி, வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வாரை இறுக்கினாலும் எந்த பாக்கெட்டும் அமுங்காது. எல்லா ஜிப்பும் முன்பக்கம் பார்த்தே இருக்கும். வாய்ப் பக்கம் பதினாலு அறை, மட்டைக்கு ஒன்று. ஒவ்வொரு அறையும் அடிவரைக்கும் இறங்கும். போதாததற்கு மழைக்கு ஒரு முக்காடு, வாட்சும் மோதிரமும் வைக்க வெல்வெட் பாக்கெட், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு ஐஸ் பெட்டி மாதிரி இன்னொரு பாக்கெட்.

"பிரீமியம் சார்," என்றார். இப்போது அரிசி பிரீமியம், பெட்ரோல் பிரீமியம், பனியன்கூட பிரீமியம். பை மட்டும் சும்மா இருக்குமா?

இரண்டு பைகள் மிஞ்சின. ஒன்று பளீரென்ற வெள்ளை, தங்க நூலில் எம்பிராய்டரி. இன்னொன்று அடர்நீலம், அலங்காரம் எதுவும் இல்லை. நான் வெள்ளையைக் கை காட்டினேன். சீர்த்தட்டுக்கு நடுவில் எடுப்பாகத் தெரியுமே!

ஏழுமலை கிட்டே போனான். வெள்ளைப் பையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு பாக்கெட்டைத் திறந்து உள் துணியை வெளியே இழுத்தான். விற்பனையாளர் பதறிப்போனார். அவருக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் எப்படித் தெரியும்? பட்டுப்புடவையை விரித்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஊர் இது. முன்பக்கம் எல்லாரும்தான் ஒழுங்காகச் செய்வார்கள்.

"அடி நூலு லூசு," என்றான் ஏழுமலை. "மேல ஜோரா இருக்குது. உள்ள மூணு எடத்துல தையல் தாண்டியிருக்குது. ரெண்டு மழைக்குத் தாங்காது."

அடர்நீலப் பைக்கும் அதே சோதனை. ஜிப்பைப் பத்து முறை இழுத்தான். வார் தைத்த இடத்தை நகத்தால் நெம்பினான். கைப்பிடியின் உள்ளே விரலை விட்டுத் தடவினான். கடைசியில், வேலை தெரிந்தவன் தைத்திருக்கிறான் என்றான். அந்தக் கடையில் அன்றைக்கு உண்மையான நிபுணர் ஒரே ஒருவர்தான். அது நானும் இல்லை, விற்பனையாளரும் இல்லை.

பில் போடும்போது என் காதருகே வந்து, இதை நானே தைத்துவிடுவேன் என்றான். நான் தடுத்தேன். அவருக்கு பிராண்ட் பெயர் தெரிந்தால்தான் மதிப்பு, சொந்தத் தையலைக் கொண்டுபோய் நீட்டினால் மிச்சம் பிடித்தோம் என்பார்கள் என்றேன். அவன் முகம் சுருங்கியது. சொன்னதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அன்று படவில்லை.

போகியன்று காலை சீர் கிளம்பியது. வழியனுப்ப ஐயம்பேட்டைக்குப் போனால், கூடத்தின் நடுவில் கோல்ஃப் பை நிற்கிறது. அதன் வாயிலிருந்து கரும்பு முளைத்திருக்கிறது!

பதினாலு அறையிலும் பதினாலு கரும்பு. பையின் உயரத்துக்கு அளவெடுத்து நறுக்கியது ஏழுமலைதான். தோகையை மட்டும் வெளியே விட்டிருந்தான். வேலை அவனுடையது, யோசனை அவன் மனைவி மல்லிகாவுடையது. காலிப் பாத்திரத்தைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமில்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் கொடுப்போம். இதுவோ தலைப்பொங்கல் சீர்.

"பதினாலு வாய் தொறந்துக்கினு இருக்குது," என்றாள் மல்லிகா. "இத்த காலியா எடுத்துக்கினு போயி சம்பந்தி வூட்ல நிக்கறதா?"

எனக்கு அது சரியாகவே பட்டது. தவிர, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். நறுக்கிய கரும்பிலிருந்து சாறு இறங்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

சென்னையில் வரவேற்பு நன்றாகவே இருந்ததாம். கோபிநாத் பையைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப கிராண்ட், எதுக்கு இவ்வளவு சிரமம் என்றாராம். காபி கொடுத்தார்களாம். ஐயம்பேட்டைக்கு எப்போது வருகிறீர்கள் என்று ஏழுமலை கேட்க, பார்க்கலாம் என்றாராம்.

இரண்டு ஞாயிறு கழித்துப் பிரியாவிடமிருந்து போன்.

கரும்பை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். ஆனால் அடியில் இறங்கிய சாறு உள் துணியில் ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்திருக்கிறது. அது மட்டுமா? ஐஸ் பாக்கெட்டும் காலியாக இருக்கக் கூடாது என்று மல்லிகா அதில் ஒரு பொட்டலம் வெல்லம் வைத்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கோபிநாத் புதுப் பையை நண்பர்களிடம் காட்டப் பெருமையாக எடுத்துப் போயிருக்கிறார். பந்து எடுக்கக் கையை விட்டவர், முழங்கை வரைக்கும் எறும்போடு கையை வெளியே எடுத்தாராம்.

பிரியா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஏழுமலை காதில் சிரிப்பு விழவில்லை, எறும்பு மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மல்லிகா அழுதாள். தலை நிமிர்ந்து நிற்க வாங்கிய பை, நாலு பெரிய மனிதர்கள் நடுவில் சம்பந்தியைக் குதிக்க வைத்துவிட்டது. இனி அந்த மனிதர் எந்த முகத்தோடு இங்கே வருவார்?

மன்னிப்புக் கேட்டு என்னை போன் செய்யச் சொன்னான் ஏழுமலை. நான் பதமாகப் பேசுவேனாம். சரி என்றேன். திங்கள் போய்ச் செவ்வாயும் போனது. பேசவில்லை. எறும்புக்காக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று நீங்களாவது சொல்லுங்கள், பார்ப்போம்.

புதன்கிழமை காலை, இன்னும் பேசவில்லை என்பதைச் சொல்லவே அவன் கடைக்குப் போனேன். சொல்லி முடிக்கவில்லை, ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் இல்லை. கோபிநாத் தானே ஓட்டி வந்திருந்தார். எழுபது கிலோமீட்டர்! பின்சீட்டில் அடர்நீலப் பை.

ஏழுமலை எழுந்து நின்றான். கையில் கத்தரிக்கோல் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

கோபிநாத் பையைத் தூக்கிக் கட்டிங் டேபிளில் வைத்தார். ஷோரூமில் காட்டியிருக்கிறார். உள் துணியைப் பிரிக்க முடியாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். "உங்களால முடியுமா ஏழுமலை?" என்று கேட்டார்.

முடியுமா என்று அவனிடமா கேட்பது? பையைக் கவிழ்த்தான், ஒரு தையலைப் பிடித்தான், அரை மணி நேரத்தில் பையின் வயிறு முழுக்க வெளியே வந்துவிட்டது. கோபிநாத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இது என்ன நூல், அந்த ஊசி ஏன் வளைந்திருக்கிறது, ரெக்ஸினில் எப்படி நல்லது தெரிந்து வாங்குவது... கேள்விமேல் கேள்வி. ரிட்டயர் ஆனவர்களிடம் கேள்விக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஏழுமலை முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். பிறகு இரண்டு. பிறகு அவன் நிறுத்தவே இல்லை.

மதியம் சாப்பாடு ஐயம்பேட்டையில். ஏழுமலை கூப்பிட்டதும் அவர் கிளம்பிவிட்டார், எங்களுக்குத்தான் நம்ப முடியவில்லை. திடீர் விருந்தாளிக்கு மல்லிகாவால் முடிந்தது சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம். கோபிநாத் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மல்லிகா வெல்லத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகை முந்திக்கொண்டது. அவர் இலையைப் பார்த்தபடி பேசினார்.

"எறும்பு கடிச்சது ஒண்ணும் இல்லம்மா. எங்க கிளப்ல முப்பது வருஷத்துல யார் பையிலயும் கரும்பு வந்ததில்ல. எல்லாரும் கேட்டாங்க, சம்பந்தி வீட்டுச் சீருன்னு சொன்னேன்." ரசத்தில் சோற்றைப் பிசைந்தார். "எனக்குச் சும்மா ஒருத்தர் வீட்டுக்கு வந்து உட்காரத் தெரியாதும்மா. ஆபீஸ்லயே இருந்துட்டேன். ஒரு வேலைன்னு இருந்தா வந்துடுவேன்."

நிஜமா, சமாளிப்பா? ஏழு மாதத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமா? எனக்குத் தெரியாது. ஆனால் ஏழுமலை அதைக் கேட்ட விதத்தைப் பார்த்தேன். பையின் தையலைத் தேடும்போது இருக்குமே, அந்த முகம்.

கிளம்பும்போது பை எப்போது கிடைக்கும் என்று கேட்டார் கோபிநாத். ஏழுமலை தாடையைத் தடவினான். துணி வாங்கணும், ஒட்டணும், காயணும், வேலை நிறைய இருக்குது சார், ரெண்டு வாரம் ஆகும், ஒரு ஞாயித்துக்கிழமையா வந்து வாங்கிக்கங்க என்றான். மறுநாள் சாயந்திரம் நான் கடைக்குப் போனபோது, பை வேலை முடிந்து பாலிதீன் கவருக்குள் நின்றது.

போன ஞாயிறு கோபிநாத் வந்தார், இந்த முறை மனைவியோடு. ஆட்டம்? அது அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாமாம். சாப்பிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, நாலு மணிக்குப் பையைப் பார்த்தார். தையல் பிரமாதம், ஆனால் சைடு ஜிப் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார். பை இங்கேயே இருக்கட்டும், அவசரமில்லை, இன்னொரு ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் அந்த ஜிப்பை நான் இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.