கட்டில் கம்பியில் ஓகம்

என் கணவருக்கு நிமோனியா என்று சொன்ன அன்றே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் இருமிக்கொண்டே தேநீர் குடித்த மனிதர் பின்னேரம் வாயில் குழாயோடு கிடந்தார். குழாய் இருக்கும்வரை அவரால் பேச முடியாது என்று வைத்தியர் பிரெஞ்சில் சொன்னார். எனக்கு விளங்கியது. ஆனாலும் ஆங்கிலத்தில் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த மொழியிலாவது வேறு ஏதும் சொல்லமாட்டாரா என்ற நப்பாசை.

ஆஸ்பத்திரி மொன்றியாலில், வீடு ஆற்றுக்கு மறுகரையில் லொங்குய்யில். மெட்ரோவில் ஆற்றுக்கு அடியால் போகிற அந்தச் சில நிமிடங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் அழைத்து, கிடைக்காமல் போயிருக்குமோ என்று கைத்தொலைபேசியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் அப்போது அயர்லாந்தில் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்த படிப்பு, அந்த நாட்டின் பழைய எழுத்து ஒன்றைப் பற்றியது. சொந்தக்காரர் கேட்டால் நான் 'சரித்திரம்' என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அந்த எழுத்தின் பெயர் ஓகம். இப்போதைய அயர்லாந்துக்காரர் அதைக் கிட்டத்தட்ட நாங்கள் ஆம் என்பதற்கு 'ஓம்' என்று சொல்வதுபோலத்தான் உச்சரிப்பார்களாம். "என்ன படிக்கிறாய் எண்டு கேட்டால் ஓம் எண்டு சொல்லுறாள், இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் முறைப்படுவார்.

ஆனால் மகளுக்குப் பரீட்சை வந்தபோது கூட இருந்து கேள்வி கேட்டவரும் அவர்தான். கேட்கக் கேட்க அவருக்கே பாடமாகிவிட்டது. அது பார்ப்பதற்கு எழுத்துப் போலவே இராது. நட்டுவைத்த கல்லின் விளிம்புதான் கோடு. அதன் வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை கீறல்கள், இடப்பக்கம் அப்படியே, குறுக்கே சரிவாக அப்படியே, குறுக்கே நேராக அப்படியே. இவ்வளவுதான் மொத்த எழுத்தும். நேராகக் குறுக்கே போவதெல்லாம் உயிரெழுத்து. கல்லில் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். படித்தால் பெரும்பாலும் ஒரு பெயர்தான் வரும், இன்னாரின் மகன் இன்னாருடையது என்று. செத்தவரின் நினைவுக்கு நட்டது சில, காணிக்கு எல்லை சொல்லுவதற்கு நட்டது சில என்று மகள் சொல்லுவாள்.

யார் உண்டாக்கினார்கள் என்பது சரியாகத் தெரியாதாம். லத்தீன் எழுத்தை அறிந்த யாரோதான் என்கிறார்கள். ரோமர்களால் படிக்க முடியாதபடி இரகசியமாக உண்டாக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. மகள் அதை அவ்வளவாக நம்பவில்லை. "அப்பாவுக்குத்தான் அந்தக் கதை பிடிக்கும்" என்று சிரிப்பாள்.

அவருக்குப் பிடித்த இன்னொன்றும் இருந்தது. பிற்காலத்து ஏடுகளில் ஓகத்தை விரலால் எழுதுகிற வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மூக்குத் தண்டைக் கல்லின் விளிம்பாக வைத்து அதன்மேல் விரல்களை வைப்பது ஒன்று, முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின்மேல் வைப்பது இன்னொன்று. இதைக் கேட்ட நாளிலிருந்து தகப்பனும் மகளும் கலியாண மண்டபங்களில் என் மானத்தை வாங்கினார்கள். அவர் மூக்கின் வலப்பக்கம் ஒரு விரல் வைப்பார், பிறகு குறுக்கே இரண்டு விரல். அந்த எழுத்தில் 'ப' கிடையாது, 'ப'வுக்கு இவர்கள் இருவரும் வைத்துக்கொண்டது B. ஆக அது 'போ'. வீட்டுக்குப் போவோம் என்று அர்த்தம். உடனே மகள் எழும்பிவிடுவாள். பார்த்துப் பார்த்து எனக்கும் அரைகுறையாக வந்துவிட்டது. நான் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மயக்க மருந்தைக் குறைத்தபோது கண் திறந்தார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். என்னைப் பார்த்த பார்வையில் அடையாளமே இல்லை. தொற்று வராமலிருக்க நானும் மற்றவர்களைப் போல மஞ்சள் அங்கியும் முகக்கவசமும் கையுறையும் போட்டிருந்தேன். "இஞ்சரப்பா, நான்தான்" என்றேன். குரலைக் கேட்டதும் அவருடைய கண் பெருத்தது. கட்டிலோடு ஒட்டிக்கொண்டு மற்றப் பக்கம் நகரப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாக என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அதைக் கேட்டு நடுங்கினார்.

குழாயைப் பிடுங்கப் பார்த்ததால் இரண்டு கைகளுக்கும் மெத்தை போன்ற உறை மாட்டியிருந்தார்கள். இப்படிக் கிடக்கிற நோயாளிகள் பலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும், அநேகமாக மாறிவிடும் என்று வைத்தியர் சொன்னார். அந்த 'அநேகமாக' என்ற சொல்தான் என் நெஞ்சில் கல்லாக இருந்தது. உயிர் தப்பினாலும் ஆள் திரும்பி வருவாரா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. பதிலுக்குப் பயம்.

நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வலக்கை உறையைக் கழற்றிவிட தாதி சம்மதித்தாள். அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கட்டிலின் பக்கக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. வலிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வலிப்புக்கு ஒழுங்கு இராது. இது ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வந்தது. நான் மகளை அழைத்தேன். அங்கே அப்போது சாயந்தரம்.

"பிள்ளை, அப்பா கம்பியிலை விரல் வைக்கிறார்."

"எப்பிடி வைக்கிறார்? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"இரண்டு விரல் கம்பிக்குக் குறுக்காலை, நேரா. பேந்து இரண்டு, குறுக்காலை போகேல்லை, இடப்பக்கம் மட்டும் தொடுது."

"பேந்து?"

"மூண்டு. குறுக்காலை. பேந்து கையை எடுத்திட்டுத் திரும்பவும் அதையே செய்யிறார்."

மறுமுனையில் கடதாசியில் பேனை கீறுகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் பிறகு. "O, D, U. அப்பா 'ஓடு' எண்டு சொல்லுறார்."

என்னை எப்போதும் 'நீர்' என்று சொல்கிறவர், 'ஓடும்' என்றுகூட எழுதவில்லை. அங்கே மரியாதைக்கு நேரம் இருக்கவில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இளம் வயதில் அவரை ஊரில் பிடித்துக்கொண்டுபோய் இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். கலியாணமான புதிதில் ஒருமுறை சொன்னார், பிறகு வாயே திறக்கவில்லை. இப்போது கை கட்டப்பட்டிருக்கிறது, வாய் அடைக்கப்பட்டிருக்கிறது, முகம் தெரியாதவர்கள் ஊசியோடு வந்து போகிறார்கள். இங்கே என் குரலும் கேட்டால், என்னையும் பிடித்துவிட்டார்கள் என்றுதானே அவர் நினைப்பார்? அவருடைய புத்தி போகவில்லை என்ற ஆறுதலும், அது இருக்கிற இடத்தை நினைத்து வந்த பயமும் ஒன்றாகவே வந்தன.

"என்ரை குரலுக்குப் பயப்பிடுறார், பிள்ளை. நான் என்ன செய்ய?"

"குரலை விடுங்கோ. நீங்களும் எழுதுங்கோ. சின்னச் சொல்லா எழுதுங்கோ."

போர்வையை விலக்கி அவருடைய கால் எலும்பின்மேல் விரல்களை வைத்தேன். குறுக்கே இரண்டு. இடப்பக்கம் இரண்டு. குறுக்கே நான்கு. கடைசியாக, வலப்பக்கம் ஐந்து விரலும். ஓடேன், ஓடமாட்டேன் என்று. பிழையாகிவிடும் என்ற பயத்தில் மெதுவாக, திரும்பத் திரும்ப எழுதினேன். கம்பியைத் தட்டிய கை நின்றது. அவர் என் விரல்களைப் பார்த்தார், பிறகு கவசத்துக்கு மேலே என் கண்களை. வெகுநேரம் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார். குழாய் இருப்பதால் சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்தது.

தாதியிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். முகாம் என்ற சொல் சட்டென்று வரவில்லை, சிறை என்று சொன்னேன். அவள் வெளியே போய், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று, கவசத்தை இறக்கி அவருக்குத் தன் முகத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்த ஒவ்வொருவரும் உள்ளே வருமுன் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டால் கம்பியில் திரும்பவும் 'ஓடு' வரும். நான் திரும்பவும் 'ஓடேன்' எழுதுவேன்.

மகள் கிடைத்த விமானத்தில் வந்து சேர்ந்தாள். அவள் வந்த கிழமைதான் குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரக்க அவர் முதலில் கேட்டது தண்ணீர். பிறகு என்னிடம், "நீர் ஏன் ஓடேல்லை?" என்றார்.

"எங்கை ஓடுறது? இது மொன்றியாலப்பா."

"உம்மைப் பிடிச்சு வைச்சுக் கதைக்கச் சொல்லுறாங்கள் எண்டு நினைச்சன். குரலை ஆரும் வெருட்டி வாங்கலாம். இந்த எழுத்தை அவங்களாலை வாசிக்கேலாது எண்டு எனக்குத் தெரியும்."

மகள் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பல நாள் கழித்து, இதைத் தன் ஆய்வில் ஒரு பந்தியாக எழுதட்டுமா என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, "வேண்டாம் பிள்ளை" என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

இப்போது மொன்றியாலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில், பழைய வேலைக்கு அரை நாள் போகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். குளியலறையில் அவர் இருமினால் மட்டும், செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்க் கதவோரம் நிற்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்று, துவாயை எடுக்கிற அசுமாத்தம் கேட்கும்வரை நிற்பேன்.