இடது மூலைக்குப் போய்ச் சேராத பந்து

நனைந்து கனத்த பந்தில் அப்பாவின் வலது கால் படும்போது எழும் "தொம்" என்ற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மற்றவர்கள் அடித்தால் அது வெறும் "பட்" என்றுதான் கேட்கும். ஆக்லாந்தின் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கிருந்த பலகை வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த சேற்று மைதானத்தின் ஓரத்தில், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், இப்போது அடித்தது அப்பாதான் என்று நான் சொல்லிவிடுவேன். அந்தப் பந்து எங்கே போய் விழுந்தது என்பதுதான் அந்த வருடம் பெரிய வழக்காகிப் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது, அப்பாவுக்கு நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் ஊர்க் கழகத்துக்கு விளையாடிய காலத்தில் அவருக்குத் "தபால்" என்று பட்டப்பெயராம். தற்காப்பு வரிசையில் நின்று தலையை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துவிட்டு அவர் ஓங்கி அடித்தால், பந்து மைதானம் முழுவதையும் தாண்டி, எதிர்ப்பக்கத்து இடது மூலையில் ஓடுகிறவனின் காலடியில் போய் இறங்குமாம். "விலாசம் தவறாது" என்பார்கள். அகதிகளாக வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் இங்கேயும் ஓர் அணி கட்டி, மலேசியத் தமிழர் அணியோடும் மற்ற அணிகளோடும் மோதியபோது, அப்பாவின் அந்த நீள அடியை நம்பித்தான் இறங்கினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் "கோடு" கூடும். நீதிமன்றத்தை எங்கள் ஊரில் சொல்லும் பெயர் அது. சிவம் மாமாவின் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அம்மா கட்டிக் கொடுத்த ரோல்ஸையும் பிளாஸ்கில் தேத்தண்ணியையும் நடுவில் வைத்துக்கொண்டு, ஆடியவர்களும் ஆடாதவர்களும் சுற்றி நின்று ஆட்டத்தை மறுபடியும் வாயால் ஆடுவார்கள். சிவம் மாமா சொந்த மாமா இல்லை. பக்கத்துத் தெருவில் "டெய்ரி" என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடையில் நிற்பவர், ஒருநாளும் பந்தைத் தொடாதவர், அதனாலேயே தலைமை நீதிபதி. அவருக்கு நேர் எதிர் டானியல் அங்கிள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். மங்கரே விமான நிலையத்தருகே சரக்குக் கொட்டகையொன்றில் மேற்பார்வையாளர். இரண்டு வருடம் விமான நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூட்டிப் போய், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழக்கி, அந்த இருக்கையில் ஏற்றி வைத்தவர் அவர்தான். விடியற்காலையில் வாசலில் அவருடைய காரின் ஹோர்ன் ஒருமுறை கேட்கும். அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடுவார். அந்த இயந்திரத்தில் ஏறிய நாளிலிருந்து அப்பா நிமிர்ந்து நடந்தார் என்று அம்மா சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் தபால் விலாசம் தவறத் தொடங்கியது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனது, இல்லாவிட்டால் ஆளில்லாத இடத்தில் விழுந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு கோட்டில் இதே வழக்கு. காலில் பலம் குறைந்துவிட்டது என்பது சிவம் மாமாவின் கட்சி. காலில் பலம் இருக்கிறது, துணிவுதான் போய்விட்டது என்றது இன்னொரு கட்சி. இடது மூலையில் ஓடும் குகன் சோம்பேறி, பந்து சரியான இடத்துக்குத்தான் வருகிறது, இவன்தான் அங்கே இல்லை என்று வாதாட மூன்றாவது கட்சியும் இருந்தது. டானியல் அங்கிள் மட்டும், வருடக்கணக்காகப் பார்த்த ஒரு காலை, நாலு ஆட்டத்தை வைத்துத் தள்ளிவிட முடியாது என்பார். அப்பா ரோலைக் கடித்துக்கொண்டு, வேறு யாரையோ பற்றிய கதைபோலச் சிரித்தபடி நிற்பார்.

எனக்கு மட்டும் விடை தெரியும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போகும்போதெல்லாம் "பிள்ளை, அந்த போர்ட்டில என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்பார். தெருப் பெயர், கடைப் பெயர், வருகிற பஸ்ஸின் நம்பர், எல்லாவற்றையும் நான் உரக்க வாசிக்க வேண்டும். எனக்கு இங்கிலிஸ் பழக்குகிறார் என்றுதான் அம்மாவும் நம்பினார், நானும் நம்பினேன். பெருமையோடு வாசிப்பேன். ஒருநாள் எதற்கோ அவரோடு கோபம். நகரத்துக்குப் போக நின்ற இடத்தில், வேறெங்கோ போகும் பஸ் வந்தபோது வேண்டுமென்றே எங்கள் பஸ்ஸின் நம்பரைச் சொன்னேன். அவர் பார்த்துச் சிரிப்பார், காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன். அவரோ கையை நீட்டி மறித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். தெரியாத தெருவில் பஸ் திரும்பியபோதுதான் அவருடைய முகம் மாறியது.

இறங்கித் திரும்பி நடக்கும்போது, "இனி இப்பிடி விளையாடாதை, பிள்ளை" என்றார். கொஞ்சத்தூரம் போனபின், "அம்மாட்டயும் சொல்லாதை" என்றார்.

பிறகு அவரே சொன்னார். இடக்கண்ணில், ஊரில் "சென்றி" என்ற இராணுவக் காவலரணில் துவக்குப் பிடியால் அடித்த அடி. அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இப்போது வலக்கண்ணிலும் "புகார்", அதாவது பனிமூட்டம், மூடினமாதிரி இருக்கிறது. கிட்ட உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளதுதான் இல்லை. டொக்டரிடம் போகலாமே என்றேன். நோய், வருத்தம் என்று ஒன்று கடுதாசியில் ஏறினால் நிரந்தர வதிவிடம் தரமாட்டார்கள் என்று அப்போது எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவியது. எங்கள் விண்ணப்பமோ அலுவலகத்தில் கிடந்தது. அந்தக் கதை உண்மையா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. இருமலுக்குக்கூட டொக்டரிடம் போகாமல் மல்லித்தண்ணி குடித்தவர்கள் இருந்தார்கள். அதோடு கொட்டகையில் தெரிந்தால் இருக்கையும் போய்விடும், மறுபடியும் தரை துடைக்கிற தடிதான் என்றார். நான் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். சின்னப் பிள்ளையிடம் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றலாமா என்று இன்றைக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. ரகசியம் எனக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி ஆட்டம் மலேசிய அணியோடு. தூறல். எங்கள் ஆட்களுக்குக் கரும்பச்சை, அவர்களுக்குக் கருநீலம். மழையில் நனைந்தபின் இரண்டும் ஒரே கறுப்பு. ஒன்றுக்கு ஒன்று என்று சமனாக நின்றபோது, முடிய இரண்டு நிமிடம் இருக்க, அப்பாவின் காலுக்குப் பந்து வந்தது. தலையை நிமிர்த்தினார். "தொம்." அப்படி ஓர் அடியை அந்த வருடம் நான் கேட்கவில்லை. உயரம், நீளம், எல்லாம் அளந்து வைத்தாற்போல. குகன் இடது மூலையில் தனியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பந்து நடுவில் நின்ற கருநீலச் சட்டைக்காரனின் காலடியில், பழைய நாட்களில் சொன்னார்களே, அந்தச் சுத்தத்தோடு இறங்கியது. அவன் ஓடிப் போய்க் கோல் அடித்தான்.

அன்றைய கோட்டில் யாரும் சிரிக்கவில்லை. "காலும் போச்சு, மூளையும் போச்சு. அண்ணை இனிக் கரையில நிண்டு பாக்கட்டும், எங்களை ஏன் நாசமாக்குறார்?" என்றார் சிவம் மாமா. குகன் இன்னும் கேவலமாக ஏதோ சொன்னான். அப்பா குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சேறு படிந்த வலது காலைப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"அப்பாவின்ர காலுக்கு ஒண்டுமில்லை" என்றேன். "அவருக்குக் கண் தெரியாது."

வழக்கை வென்றுவிட்டேன் என்றே ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் டானியல் அங்கிளைப் பார்த்தேன். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மெதுவாகக் காரின் ஓரத்தில் வைத்தார். அப்பா நூலை அவிழ்த்து முடித்து, இரண்டு சப்பாத்தையும் சேர்த்துத் தட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை வழமைபோலத்தான் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை ஹோர்ன் கேட்கவில்லை. டானியல் அங்கிள் இறங்கி வந்து குசினிக் கதவருகே நின்றார். "அண்ணே, அந்த ஷெட்ல ஆளுங்க நடந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க யார் மேலயாவது ஏத்திட்டா, நான் தெரிஞ்சும் விட்டவனா ஆயிடுவேன். என்னால முடியாதுண்ணே" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்பா "ஓம்" என்றார்.

தரை துடைக்கிற தடி திரும்பி வந்தது. அம்மா அழுது பிடித்து அவரை டொக்டரிடம் இழுத்துப் போனார். சீனி வருத்தம், நீரிழிவு, கண்ணில் இறங்கியிருக்கிறது, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வலக்கண்ணும் போயிருக்கும் என்றார்கள். லேசர் வைத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடம் நிரந்தர வதிவிடமும் வந்தது. "பிள்ளையின்ர வாய்தான் அவரின்ர கண்ணைக் காப்பாத்தினது" என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அப்பா அதை மறுத்ததில்லை, ஆமோதித்ததும் இல்லை. என்னை ஏசியதில்லை, அடித்ததில்லை, என் படிப்புக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு போர்ட்டைக்கூட என்னை வாசிக்கச் சொன்னதில்லை. பஸ் வந்தால் தானே ஏறிப்போய் டிரைவரிடம் கேட்பார்.

இப்போது அந்த மைதானத்தில் வடிகால் போட்டுச் சேற்றை இல்லாமலாக்கிவிட்டார்கள். சிவம் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், டானியல் அங்கிள் மகனோடு பெர்த்தில். கார்ப் பின்கதவைத் திறந்துவைத்து ஆட்டத்தை வாயால் ஆடுகிறவர்களை நான் கண்டு வெகுகாலம். யாரும் கேட்காமலே காரில் தெருப் பெயர்களை உரக்க வாசித்தபடி நான் ஓட்டுகிறேன் என்று என் மகள் இங்கிலிஸில் கேலி செய்கிறாள்.

போன மாதம் அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில், கையில் நம்பர் எழுதிய ஒரு கடுதாசித் துண்டு, சுவரில் ஒரு திரை, அதில் நம்பர் மாறிக்கொண்டே வரும். நான் அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. "டிங்" என்று மணி அடித்தது. அப்பா துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் திரும்பி, அங்கே பத்திரிகை படித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவரிடம், இப்போது என்ன நம்பர் என்று இங்கிலிஸில் மரியாதையாகக் கேட்டார். வாய்வரை வந்துவிட்ட நம்பரை நான் சொல்லாமல் இருந்தேன்.