இடது மூலை ஐஸ்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு குறையும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு நடந்தது.

நான் குளிர்சாதன மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். இப்போது நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல!

கூப்பிட்டவர் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரி. சட்டைப் பையில் நாலு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு வழுக்கல் சிரிப்பு. கடைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை வைத்திருந்தார். அதன் காயிலில், அதாவது குளிரூட்டும் குழாய்ச் சுருளில், ஐஸ் கட்டுகிறதாம். உருக்கிவிட்டாலும் இரண்டே நாளில் மறுபடி பாறை மாதிரி நிற்கிறதாம்.

"கேஸ் கம்மியா இருக்கும் தம்பி" என்றார். எல்லாம் தெரிந்தவர் எதற்கு என்னைக் கூப்பிட வேண்டும்?

சோதித்தேன். கேஸ் சரி. ஃபேன் சரி. ஐஸ் உருக்கும் ஹீட்டர் சரி, டைமரும் சரி. கதவு ரப்பரில் காகிதம் செருகி இழுத்தேன். அசையவில்லை. அதாவது வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை.

ஆனால் ஈரம் இல்லாமல் ஐஸ் வராது. அப்படியானால் ஈரம் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. ஐஸ் காயில் முழுக்க இல்லை. இடது மூலையில் மட்டும். ஒரு ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில்.

3.10. மெஷினை நிறுத்தினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு மாதமாம். மாற்ற மனசு வரவில்லை மகராசனுக்கு. அதனால் கதவு மூடாதபடி என் டூல் பெட்டியை அண்டக் கொடுத்துவிட்டு, வெந்நீர் ஊற்றி ஐஸைக் கரைத்தேன். துணியால் துடைத்தேன். காயில் பளிச்சென்று ஆனது.

3.26. பின்னால் 'டப்'.

கதவு மூடியிருந்தது. நான் உள்ளே இருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் பெட்டியை நகர்த்திவிட்டார் மனுஷன். குளிர் வீணாகிறதாம்! கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது.

அப்போதுதான் கேட்டது.

'ஹா... ஹா...'

குளிரில் உள்ளங்கையை ஊதிச் சூடு ஏற்றுவோமே, அந்தச் சத்தம்.

என் மூச்சுதான் என்று நினைத்தேன். அடக்கிப் பார்த்தேன்.

'ஹா...'

காயிலைப் பார்த்தேன். இடது மூலையில் வெள்ளையாக ஒரு வட்டம். மிச்சத் தண்ணீர் உறைந்திருக்கும் என்பீர்கள். தண்ணீர் உறைந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், மேதாவிகளே. இது பஞ்சு மாதிரி உறைபனி. மெஷின் ஓடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு 'ஹா'வுக்கும் வட்டம் பெரிதாகிறது...

கதவுக்கு ஓடினேன்.

இரண்டு தட்டு தட்டினேன்.

மூன்று சத்தம் கேட்டது.

மூன்றாவது, என் தோளுக்குப் பக்கத்தில்.

பிறகு, காதோரம்...

"திறங்கண்ணே."

நான் சொல்லவில்லை.

3.41. கதவு திறந்தது. வெளியே விழுந்தேன்.

வியாபாரி முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்கதானா?" என்றார்.

"வேற யாரு?"

"கால் மணி நேரமா தட்டுற சத்தம் கேட்டுச்சு."

"கேட்டும் ஏன் திறக்கலை?"

தரையைப் பார்த்தார். "எப்பவும் தட்டும்... அப்புறம் நின்னுடும்."

டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. காறித் துப்பக்கூட வாயில் ஈரமில்லை.

என் மச்சான் பழைய குளிர்சாதனப் பாகங்கள் விற்கிறவன். பொய் சொல்லக்கூட அலுத்துக்கொள்ளும் சோம்பேறி. மறுநாள் காலை அவனிடம் கடை அடையாளத்தைச் சொன்னேன். டீயைக் கீழே வைத்தான்.

"அந்தக் காயிலைக் கழட்டிக் கொடுத்ததே நான்தான் மாமா. ஒரு குளிர் லாரியிலேர்ந்து. லோடு ஏத்துற பையன் ஒருத்தன் உள்ள இருக்கும்போதே டிரைவர் கதவைச் சாத்தி சீல் வச்சுட்டாரு. பதினொரு மணி நேரப் பயணம்."

"டிரைவர் யாரு?"

"உங்க ஐஸ்கிரீம்காரர்தான். அப்ப லாரி ஓட்டிட்டிருந்தாரு. எந்த லாரியோட காயில்னு தெரிஞ்சேதான் எங்கிட்ட வாங்கினாரு. மலிவா வருதேன்னு."



"பையன் செத்துட்டானா?"



"தெரியலை மாமா. பையனைக் காணோம்னு புகார் போய், போலீஸ் முன்னாடிதான் திறந்தாங்க. வச்ச சீல் வச்சபடி இருந்துச்சு. உள்ள யாருமே இல்ல."