ராகியை இடமாகச் சுற்றவிட்ட சென்னம்மா

மத்திகிரியைத் தாண்டித் தளி ரோட்டில் பெங்களூர்க்காரர் ஒருவர் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறிலிருந்து நான் அங்கே கம்பவுண்டர். குதிரைகளுக்கு மருந்து போடுவதும் மனிதர்களின் முட்டாள்தனத்தைப் பொறுத்துக்கொள்வதும் என் வேலை. சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான். யாரையும் லேசில் மெச்சுகிற ஆளில்லை நான். என் மனைவி சூசைமேரியைக் கேட்டால் இதையே இன்னும் காரமாகச் சொல்வாள். அப்படிப்பட்ட நான் மனசார மெச்சியது சென்னம்மாவை.

பண்ணையில் குதிரைகளுக்குத் தீவனமான குதிரைமசால் அறுக்க வந்தவர் அவர். அப்போது 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், எழுத உட்கார்ந்தால் மரியாதை தானாக வருகிறது. ஜவளகிரிப் பக்கம் பிறந்து, பண்ணைக்கு அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். புருஷன் காய்ச்சலில் போன பிறகு இரண்டு ஏக்கர் மானாவாரியை ஒண்டியாக உழுது, ராகி விதைத்து, களத்தில் மாடு கட்டிக் கதிரை மிதிக்க விட்டு, தானே தாம்பு ஓட்டினார். மாட்டோடு கன்னடம், பக்கத்து வீட்டோடு தெலுங்கு, எங்களோடு தமிழ். எந்த மொழியிலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அறுபத்தெட்டு தை மாதம் பண்ணையில் இரண்டு வயதுப் பெண்குதிரை ஒன்று இருந்தது. ராகி நிறம், ஆகவே ராகி என்றே பெயர். முதுகில் இன்னும் யாரும் ஏறியதில்லை. ஏறுவதற்கு முன்னால் குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் ஆள் நின்று, வட்டமாக நடக்கவும் ஓடவும் சொன்னால் நிற்கவும் பழக்க வேண்டும். அந்த வேலை மாதப்பனுடையது. மாதப்பனுக்குப் பொறுமை கிடையாது, சாட்டை உண்டு. மூன்றாம் நாள் ராகி பின்னங்காலில் எழும்பிப் பாய்ந்தது. மாதப்ப மகாராசன் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தவனுக்குக் கட்டுப் போட்டவன் நான்தான்.

இந்தக் குதிரை உதவாது என்று மேனேஜர் அருள்ஜோசப் முடிவு கட்டிவிட்டார். மாசி முதல் தேதி கிருஷ்ணகிரியிலிருந்து தரகர் வருவார், ஜட்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். பயந்த குதிரையை ஜட்காவில் பூட்டினால் அதன் கதி என்ன என்று எனக்குத் தெரியும். சேணம் உரசிய புண்ணில் புழு எடுத்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் சென்னம்மா மேனேஜர் முன்னால் போய் நின்றார். மாட்டைச் சுற்ற விட்ட கைக்குக் குதிரையும் சுற்றும், தேதி வரைக்கும் தன்னிடம் விடுங்கள் என்று கேட்டார். மேனேஜர் சிரித்தார். தரகர் வரும் வரை குதிரை சும்மா நிற்பதற்கு இதுவாவது நடக்கட்டும் என்று நினைத்திருப்பார், சரி என்றார்.

அதன் பிறகு நடந்ததை மருந்துச் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவன் நான். சென்னம்மா கயிற்றைக் கையில் சுற்றவே மாட்டார். மடிப்பு மடிப்பாக மடித்துப் பிடிப்பார், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்பது போல. சாட்டைக்குப் பதில் ஒரு சோளத்தட்டை. அதையும் குதிரை மேல் படவிடாமல், பின்காலுக்கு நேராக நீட்டுவதோடு சரி. ராகி மிரண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்பார். அது தானாக ஒரு எட்டு எடுத்து வைத்ததும் மெல்ல ஒரு வார்த்தை சொல்வார். பத்தே நாளில் ராகி வட்டம் போட்டது, ஓடியது, "ஹோ" என்றதும் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழக்கியது என்னவோ நான் என்பது போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது முதலாளி அனுப்பிய தபேதார் வந்தார். பட்டாளத்தில் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாய் திறப்பது அபூர்வம். ராகியின் சுற்றைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, இடப்பக்கம் திருப்பு என்றார். சென்னம்மா அசையவில்லை. தபேதாரே கயிற்றை வாங்கித் திருப்பப் பார்த்தார். ராகி நடுங்கிப்போய் நின்றது, காதைப் பின்னால் மடித்தது, எழும்பியது. மாதப்பன் அடித்ததெல்லாம் இடச் சுற்றில்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு பக்கம் மட்டும் சுற்றும் குதிரை மேல் ஆளை ஏற்ற முடியாது, தேதிக்குள் இரண்டு பக்கமும் வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தபேதார் போனார்.

பத்து நாளும் சென்னம்மா ராகியை வலமாகவே சுற்ற விட்டிருக்கிறார், நானும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று எகிறினேன். களத்தில் மாடு வலமாகத்தான் சுற்றும், சாமியைச் சுற்றுவது போலத்தான் களத்தையும் சுற்ற வேண்டும் என்றார். குதிரைக்கு ஏதம்மா களமும் சாமியும் என்று இன்னும் கத்தினேன். அவர் சோளத்தட்டையைக் கீழே வைத்தார்.

"எடமா சுத்தறது சாவுக்கு மட்டுந்தானுங்க, காம்பவுண்டரய்யா. எங்க வூட்டுக்காரர எங்க நெலத்துலயேதான் பொதச்சோம். கொழுந்தன் மங்கொடத்தத் தூக்கிட்டுக் குழிய எடமா மூணு சுத்து வந்தாரு. வரப்புல நின்னு பாத்தனுங்க. அந்தச் சுத்த இந்தப் பச்சப்புள்ளைக்கு நான் எப்படிங்க சுத்தறது?"

புருஷனைப் புதைத்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் அவர் வருஷா வருஷம் தாம்பு ஓட்டினார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கத்தியதற்காக வெட்கப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

மறுநாள் விடிந்து வந்தபோது குதிரை பழக்கும் மைதானத்தில் சென்னம்மா மட்டும் இருந்தார். குதிரை இல்லை, கயிறு இல்லை. வெறுங்காலோடு இடமாக, தனியாக, சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"மொதல்ல நான் சுத்தி வச்சிட்டனுங்க. வர்றது எனக்கு வரட்டும். அது ஜட்காவுக்குப் போவக் கூடாது."

அன்றைக்கு ராகியின் இடப்பக்கத் தோளை ஒட்டியே நடந்தார், கயிறு ஒரு முழம்தான். கால் வட்டம், அவ்வளவுதான், உடனே அவிழ்த்துவிட்டார். மறுநாள் அரை வட்டம். தினம் ஒரு முழம் கயிறு கூடியது. மாதப்பன் முன்பு அடித்த இடம் வந்ததும் ராகி நின்றுவிடும். அங்கே அவர் மசால் கட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார், அது தின்று முடிக்கும் வரை. ஆறாம் நாள் மாதப்பனே வந்து, கட்டுப் போட்ட கையால் அந்த மசாலை நீட்டினான். ராகி வாங்கித் தின்றது. அவனை நான் மன்னித்தது அந்த நிமிஷம்தான்.

மாசி முதல் தேதி. தரகர் தன் கயிற்றைத் தோளில் போட்டபடி வேலியோரம் நின்றார். மேனேஜரும் தபேதாரும் நாற்காலியில். வலச் சுற்று சுத்தமாக முடிந்தது. சென்னம்மா கயிற்றைக் கை மாற்றினார். ராகி நின்றது. காது பின்னால் போனது. மேனேஜர் தரகரைத் திரும்பிப் பார்த்தார். மாதாவே என்று முணுமுணுத்தேன். சென்னம்மா சோளத்தட்டையைத் தாழ்த்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ரொம்ப நேரம். பிறகு குளம்புச் சத்தம் கேட்டது. ராகி தானாக நடந்துகொண்டிருந்தது, இடமாக. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அதன் பிறகு ஓட்டம். "ஹோ" என்றதும் நின்றது.

தபேதார் எழுந்து, போதும், குதிரை இங்கேயே இருக்கட்டும் என்றார். தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சென்னம்மா மட்டும் கயிற்றை அவிழ்க்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ராகியை மறுபடி திருப்பினார்.

"ஒரே ஒரு வலம் சுத்தி வுட்டுர்றனுங்க."

தபேதார் என்ன புரிந்துகொண்டாரோ, நாற்காலிக்குப் போகாமல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்று முடியும் வரை நின்றார். நானும் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் பதினொரு குதிரைகளைப் பழக்கினார். ஒவ்வொன்றையும் முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் சுற்ற விட்டார், கடைசிச் சுற்றை எப்போதும் வலமாக முடித்தார். அவர் வேலையை விட்டு நின்ற பிறகு மாதப்பனும் அப்படியே முடித்தான். ஏன் என்று புது ஆட்கள் கேட்டால், அதுதான் எங்கள் பண்ணை வழக்கம் என்பான்.