பெப்ரவரி முப்பதாம் திகதிக் கல்யாணங்கள்

எங்கள் வீட்டில் அச்சான மாதிரி அழைப்பிதழ்கள் எல்லாவற்றிலும் கல்யாணம் பெப்ரவரி முப்பதாம் திகதிதான் நடந்தது. மணமக்கள் எப்போதும் கமலாவும் விமலனும். என் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை அம்மா வளர்த்து ஆளாக்கி, ஒருமுறை பிள்ளையார் படத்தின் கீழும், ஒருமுறை குத்துவிளக்கின் கீழும், நகரத்துக் கிறிஸ்தவ வேதக்காரருக்காக இரண்டு வெண்புறாக்களின் கீழும் மணம் முடித்து வைத்தார். உண்மையான திகதியைப் போட்டால் யாராவது நம்பிப் புறப்பட்டு வந்துவிடுவார்கள் என்பது அம்மாவின் பயம். எனக்கோ அந்த முப்பதாம் திகதியில் தனி மகிழ்ச்சி. உலகத்தில் இல்லாத ஒரு நாள் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் மட்டும் இருந்தது.

நான் சொல்லப்போவது நடந்த காலத்தை என்னால் பிழையில்லாமல் சொல்ல முடியும். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருடம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு. ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. அதனாலேயே அம்மாவுக்கு வருடத்தில் மூச்சுவிட முடியாத மாதம் அதுதான். ஆவணிக் கல்யாணங்களுக்கெல்லாம் ஆடியில்தான் அச்சு. வந்தாறுமூலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்பியூட்டர், ஒரு கலர் பிரிண்டர், காகிதம் வெட்டும் பலகை. கச்சான் என்னும் மேல்காற்று வாவிப்பக்கமிருந்து ஜன்னல் வழியே நுழைந்து அழைப்பிதழ்களைக் கிளப்பிவிடும் என்பதால், ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு கல். அப்பா வளைகுடாவில், கட்டாரில் வேலையில் இருந்தார். அந்த அறையை அவர் அம்மாவின் கந்தோர் என்று, ஏதோ அரசாங்க அலுவலகம் போல, தொலைபேசியில் கேலி செய்வார்.

அந்தக் கந்தோரில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பிதழிலும் திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. சுவர்க் கலண்டர் டிசம்பரோடு முடிந்துவிடும். பஞ்சாங்கம் அடுத்த பங்குனிவரை போகும் என்பதை அந்த வயதிலேயே அறிந்து வைத்திருந்தேன். இன்றைக்கும் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும், அது பழைய பயணக் குறிப்பானாலும் ஊர் வரலாறானாலும், முதலில் திகதிகளில்தான் என் கண் போய் நிற்கிறது.

அம்மாவின் வேலையில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளருக்குக் காட்டும் முதல் பிரதியில் எப்போதும் ஒரு பிழை இருக்கும். பெரியப்பாவின் பெயருக்கு மேலே சித்தப்பாவின் பெயர் ஏறிக் கிடக்கும். காலை முகூர்த்தம் பின்னேரம் ஆகியிருக்கும். நான் கண்டுபிடித்துக் காட்டினால் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

"கிடக்கட்டும் மகள்."

பிறகு கல்யாண வீட்டுப் பெரியவர் வருவார். கண்ணாடியை மூக்கில் இறக்கி அந்தப் பிழையைப் பிடிப்பார். "பாத்தியா தங்கச்சி? நான் பாக்காட்டி ஊரே சிரிச்சிருக்கும்!" அம்மா கன்னத்தில் கைவைப்பார். பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வேறெதையும் மாற்றச் சொல்லாமல் போய்விடுவார். எனக்கு அவமானமாக இருக்கும். பிழையை முதலில் கண்டவள் நான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது. அப்பாவிடம் தொலைபேசியில் இரகசியமாகச் சொல்லியும் விட்டேன்.

மாமாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். செங்கலடிச் சந்தியில் ஒரு இரும்புக்கடையில் வேலை. சனிக்கிழமைகளில் அழைப்பிதழ்களுக்கு ரிபன் கட்டுவார். சனிக்கிழமை மட்டும் ஏன் ரிபன் கட்டுகிறார், அதற்கு ஏன் இஸ்திரி போட்ட சேட்டு என்று நான் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில்தான் டீச்சர் வருவார். செங்கலடியில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தி, அம்மாவுக்கு இந்த வேலையைப் படிப்பித்தவர் அவர். இருவரும் கல்யாணம் செய்ய விரும்பியது அம்மாவுக்குத் தெரியும், எதிர்வீட்டாருக்குத் தெரியும், இரும்புக்கடைக்காரருக்கும் தெரியும். எனக்கும் போடியாருக்கும்தான் தெரியாது.

போடியார் டீச்சரின் தாய்மாமன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கண்ணுக்கெட்டியவரை வயல் உள்ளவர். அப்படி வயல் உள்ளவரைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பது. தகப்பனில்லாத டீச்சரை வளர்த்துப் படிப்பித்தவர். அவர் ஓம் என்று சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு பந்தல்கால்கூட ஊன்ற முடியாது. ஆவணியில் தன் மகளின் கல்யாணம் முடிந்த கையோடு டீச்சருக்கு நகரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடிக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். மாமா அவரிடம் பெண் கேட்க மூன்று தரம் படுவான்கரைக்குப் போனார். முதல்தரம் விதைநெல் மூட்டையோடு திரும்பி வந்தார். நாங்கள் வெள்ளாமை செய்வதில்லை. இரண்டாம்தரம் போடியாரின் வேலியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கையெல்லாம் முள் கீறலோடு வந்தார். மூன்றாம்தரம் ஒரு பை மாம்பழம்.

"அக்கா, அந்த மனிசன்ட மீசையைப் பாத்தா எனக்கு நாக்கு உள்ளுக்குப் போயிடுது" என்றார் மாமா.

"மாம்பழம் திங்கக்குள்ள மட்டும் வெளிய வந்ததாக்கும்" என்றார் அம்மா.

அந்தக் கிழமைதான் அம்மா புதிய மாதிரி ஒன்றைச் செய்தார். அதுவரை நான் கண்டவற்றில் அதுதான் மிக வடிவானது. கிளிப்பச்சை மட்டை, ஓரத்தில் பொன்நிற நெற்கதிர். ஆனால் உள்ளே கமலாவும் இல்லை, விமலனும் இல்லை. மணமகன் மாமா. மணமகள் டீச்சர். கமலாவும் விமலனும் களைத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன். என்னைத் துணுக்குற வைத்தது திகதிதான். பெப்ரவரி முப்பது அங்கே இல்லை. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆங்கிலத் திகதியோடு. பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். கிழமையும் திகதியும் பொருந்தின. முகூர்த்த நாள் என்றும் இருந்தது.

"அம்மா, மாதிரியில உண்மைத் திகதி வந்திட்டு."

"கிடக்கட்டும் மகள்."

அம்மாவின் கண் இவ்வளவு மோசமாகிவிட்டதே என்று எனக்குக் கவலையாகப் போயிற்று. சனிக்கிழமை வந்ததும் அந்த அழைப்பிதழ் மூடியபடியே மாமாவின் கைக்குப் போனது. அவர் எல்லாவற்றுக்கும் கட்டுவதுபோல அதற்கும் ரிபன் கட்டினார், உள்ளே பார்க்கவில்லை. டீச்சர் அதை வாங்கி, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரி அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகினார்.

அடுத்த சனிக்கிழமை போடியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. மகளுக்கு அழைப்பிதழ் தெரிவு செய்யவேண்டும். எழுத்துப் பார்க்கப் பின்னால் டீச்சர். மாமா ரிபன் சுருளோடு மூலைக்குள் ஒதுங்கிக்கொண்டார். அம்மா இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். போடியார் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு அல்பத்தைப் புரட்டி, ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார்.

"பெப்ரவரி முப்பது. இதுவும் பெப்ரவரி முப்பது. தங்கச்சி, இது எந்த ஊர்க் கலண்டர்?"

"மாதிரிக்குப் போட்டது போடியார். உண்மைத் திகதி போட்டா ஆக்கள் வெளிக்கிட்டு வந்திருவாங்க."

போடியார் குலுங்கிச் சிரித்தார். "அதுவும் சரிதான். நம்மட ஆக்கள் சோறு எண்டா வருவானுகள்."

கடைசிப் பக்கம் வந்தது. ரிபனை அவிழ்த்தார். தலைப்பில் அவருடைய பெயர்தான் இருந்தது, மற்ற எல்லாப் பெயர்களையும்விடப் பெரிதாக, பொன் எழுத்தில். அதை விரலால் தடவினார். பிறகு கீழே வாசிக்கத் தொடங்கினார். மாமாவின் பெயரில் குரல் மெதுவானது. டீச்சரின் பெயரில் நின்றுவிட்டது.

மூலையில் ரிபன் சுருள் விழுந்து, அவிழ்ந்துகொண்டே உருண்டு, போடியாரின் கால்வரை வந்தது. டீச்சர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன தங்கச்சி?"

"மாதிரிக்குத்தான் போடியார்" என்றார் அம்மா, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தபடி.

போடியார் நம்பிவிடுவார் போலிருந்தது. புருவம் இறங்கத் தொடங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிழை எல்லோர் முன்னாலும் கிடக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"மாதிரி எண்டா பெப்ரவரி முப்பது வரோணும்!" என்றேன். "இதில தை மாசம் போட்டிருக்கு. பஞ்சாங்கத்தில பாத்தன், உண்மையான முகூர்த்த நாள். நான் அப்பவே சொன்னனான். அம்மாதான் கிடக்கட்டும் எண்டவ."

போடியார் என் பக்கம் கையை நீட்டினார்.

"பஞ்சாங்கத்தைக் கொண்டா புள்ள" என்றார் போடியார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தார். மூடினார். மாமாவைப் பார்த்தார்.

"மனே. ஒருக்கா வந்தாய், விதைநெல்லுக் கேட்டாய். மறுகா வந்தாய், வேலி கட்டினாய். மறுகா வந்து மாம்பழம் திண்டாய். வாய எங்க வச்சிட்டு வந்தாய்?"

"அது... போடியார்... வந்து..."

"இன்னும் வரல்ல." டீச்சர் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றாய்?"

டீச்சர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். சொல்லிவிட்டார்: "கலியாணக் காட் வடிவாத்தானே இருக்கு மாமா."

எங்கள் பக்கத்தில் ஒரே தாய்வழிக் குடிக்குள் மணம் முடிப்பதில்லை. போடியார் அதைத்தான் அடுத்ததாகக் கேட்டார். "குடி வேறதானே?" வேறுதான் என்றார் அம்மா. போடியார் மறுபடியும் அழைப்பிதழைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். மீசை துடித்தது. மாமா சுவரோடு சுவரானார்.

"இந்த நாளைப் பாத்தது ஆரு?"

"நான்தான் போடியார்."

"உனக்கு மூளை இருக்கா தங்கச்சி?" போடியார் எழுந்தே நின்றுவிட்டார். "தைக் கடைசி! வயல்வட்டை முழுக்க வெள்ளாமை வெட்டு நடக்கும். ஒரு பக்கம் மெசின், ஒரு பக்கம் நெல்லு மூட்டை. வயலை விட்டுட்டு நானே வரமாட்டன். மறுகா கலியாணத்துக்கு ஆரு வருவான், காகமா?"

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது என்ட மண்டையில ஓடல்லயே போடியார்!"

"ஓடாது. கம்பியூட்டருக்குள்ள இருந்தா வயல் எங்க தெரியப்போகுது? பேனையைக் கொண்டா."

பேனையை நான்தான் கொடுத்தேன். தை மாதத்தின் மேல் அழுத்தி ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் எழுதினார்: வைகாசி. "நெல்லு வித்து முடிஞ்சிரும், சனம் கையை வீசிட்டு வரும். நாளை நான் பாத்துச் சொல்றன். அதுக்குள்ள அச்சடிச்சிராத, சொல்லிட்டன்!"

டீச்சர் குனிந்து ரிபனைச் சுற்றத் தொடங்கினார். மறுமுனையிலிருந்து மாமாவும் சுற்றினார். நடுவில் இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அம்மா ஏன் சேலைத் தலைப்பால் வாயை மூடினார் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு என் கவலை.

"வைகாசிக்குப் பஞ்சாங்கம் இல்லயே" என்றேன். "இது பங்குனியோட முடிஞ்சிரும். திகதி சரியா எண்டு எப்பிடிப் பாக்கிற?"

போடியார் என்னைத் தூக்கி மேசையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே இருத்தினார். "சித்திரை வரட்டும் புள்ள. முதல் பஞ்சாங்கம் உனக்குத்தான். இந்த வீட்டில ரெண்டு பேருக்குத்தான் திகதி பாக்கத் தெரியும், உனக்கும் எனக்கும்." பிறகுதான் வந்த வேலை அவருக்கு நினைவு வந்தது. பச்சை மட்டையைத் தட்டிக் காட்டினார். "என்ட மகளுக்கும் இதே மாதிரி அடி. இதவிட ஒரு சுத்துப் பெருசா."

திங்கட்கிழமை பாடசாலையில் என்னைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவும் டீச்சரும் கவனிக்காமல் விட்ட பிழையை நான் கண்டுபிடித்தேன், போடியாரே என் பக்கம் நின்று திருத்தினார் என்று எல்லோரிடமும் சொன்னேன். வயல் வீட்டில் பிறந்து, அறுவடை எப்போது என்று வானத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய அம்மா, தைக் கடைசியில் போய் எப்படி ஒரு கல்யாணத்தை வைத்தார் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

சித்திரையில் பஞ்சாங்கம் வந்தது, சொன்னபடி, போடியாரின் மோட்டார் சைக்கிளில். வைகாசியில் கல்யாணம் நடந்தது. திகதியையும் கிழமையையும் நான் இரண்டு தரம் பார்த்துக் கொடுத்தேன். படுவான்கரை முழுவதும் கையை வீசிக்கொண்டு வந்து பந்தலை நிறைத்தது. வாசலில் நின்ற போடியார், வந்த ஒவ்வொருவரிடமும் அழைப்பிதழைக் காட்டி, "நாள் நான் வச்சது. இவங்களிட்ட விட்டிருந்தா வெட்டுக்குள்ள வச்சிருப்பாங்க" என்றார். மாப்பிள்ளையாகவும் மாமா அவர் முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்யாணத்துக்கு அப்பா கட்டாரிலிருந்து வந்திருந்தார். மறுநாள் பெட்டியைத் திறந்து, சின்னக் கூடு ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். உள்ளே பொன்நிறச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி.

"உனக்குக் கண் தெரியல்லயாம். மகள் போன ஆடியில இருந்து சொல்லிட்டிருக்கா. முதல் பிரதியெல்லாம் பிழையாம்."

அம்மா கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். விருந்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்க்கும்வரை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பாவின் காதில் ஏதோ சொன்னார்; அப்பாவும் சிரித்தார். பிறகு என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, அந்தக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டார்.

"நீ போடு மகள். எனக்கு எல்லாம் தெரியுது."

கண்ணாடிக்குள்ளால் எனக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது, அம்மாவின் சிரிப்பும்.