உப்பங்கழிக்குள் நின்ற வேன்

கல்வராயன் மலையில் பிறந்து, மலைப்பாதையில் லாரி ஓட்டிப் பழகியவன் நான். எங்கள் பக்கம் நிலம் எங்கேயும் போகாது. வண்டியை கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். கடற்கரைக்கு ஓட்டிப்போன முதல் நாளும் அதைத்தான் செய்தேன்.

அப்போது கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருந்த ராஜாம்பாள் அம்மாவிடம் வேன் டிரைவர் வேலை. ஏஜெண்டு அனுப்பும் ஐஸ் மீனை விற்று அலுத்துப்போய், மரக்காணம் பக்கத்து உப்பங்கழிக்கு நேரே போய் இறாலும் நண்டும் வாங்குவதென்று முடிவெடுத்திருந்தார். "மலைக்காரன நம்பிக் கடலுக்குப் போவுது. மீனோட வந்தா பாக்கலாம்" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். வெறும் வேனோடு திரும்பினால் மார்க்கெட்டில் தலைகாட்ட முடியாது.

1. கல் முட்டு

நாங்கள் போனபோது கழியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகுகள் எல்லாம் உள்ளே மீன் பிடிக்கப் போயிருந்தன. கரையில் விவரம் கேட்க ஆளில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த வெள்ளை நிலம்.

"கூடையத் தூக்கிகினு அவ்ளோ தூரம் யாரு நடப்பா? இன்னும் உள்ள போப்பா" என்றார் அம்மா.

போனேன். முட்டுக் கொடுத்தேன். தூங்கிவிட்டேன்.

மத்தியானம் கடல் பக்கத்திலிருந்து கொண்டல் காற்று எழும்பி, கடல்தண்ணீரைக் கழிக்குள் தள்ளியது. அன்று பௌர்ணமி வேறு. கண் விழித்தபோது சுற்றிலும் தண்ணீர், சக்கரம் பாதி முங்கியிருந்தது.

"கல்லு வச்சியே, இன்னாத்துக்குப்பா வச்ச?" என்று கத்தினார் அம்மா.

"வண்டி ஓடாம இருக்கத்தாங்க வச்சேன். தண்ணி ஓடி வரும்னு யாருக்குங்க தெரியும்?"

தண்ணீர் புகாமலிருக்க சைலன்சர் குழாயில் என் துண்டைச் சுருட்டி அடைத்தேன். அம்மா தராசைத் தூக்கிக்கொண்டு வேன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

2. முதல் கடை

ஏறும் தண்ணீரோடு படகுகள் கரை திரும்பின. முன்னால் வந்த படகில் அஞ்சலை என்ற அம்மாள் கோல் ஊன்றிக்கொண்டு வந்தார்.

"இன்னாமே, கழிக்கு நடுவுல கட போட்டுகினு கீற?"

அம்மா அசரவில்லை. "உங்களுக்குத்தான் காத்துகினு கீறேன். கூடைய இப்படிக் குடுங்க!"

படகு நேரே வேனின் பின்கதவை ஒட்டி நின்றது. சேற்றில் இறங்கிச் சுமக்கும் வேலை மிச்சம் என்று அடுத்தடுத்த படகுகளும் அங்கேயே நின்றன. பெரிய இறாலெல்லாம் எங்களுக்கு. அதற்குள் கரைக்கு வந்து காத்திருந்த மற்ற வியாபாரிகள் கையைக் காலை ஆட்டிக் கத்தினார்கள். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் காற்று அடங்கித் தண்ணீர் வடிந்தது. துண்டை உருவி ஸ்டார்ட் செய்தேன். அஞ்சலையின் ஆட்கள் தள்ள, வேன் கரையேறியது. மறுநாள் மார்க்கெட்டில் எங்கள் கடையில் நிற்க இடமில்லை.

3. மூன்று வேன்கள்

அடுத்த வாரம் போனால், அதே இடத்தில் வேறு வியாபாரிகளின் மூன்று வேன்கள் கழிக்குள் வரிசையாக நின்றன. சக்கரத்துக்குக் கல் முட்டுக்கூட இருந்தது.

நானும் அங்கே திருப்பினேன். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். "இருப்பா." நேரே அஞ்சலை வீட்டுக்குப் போய், "இன்னிக்குத் தண்ணி எப்பிடி?" என்று கேட்டார்.

"கச்சான் அடிக்குது, தெரியல? மேக்கால இருந்து தண்ணியக் கடலுக்குத் தள்ளிகினு கீது. இன்னிக்கு இந்தப் பக்கம் ஏறாது. படகெல்லாம் ஆழமா கீற வாய்க்கால் வழியா அந்தக் கரைக்குத்தான் வரும்."

நாங்கள் அந்தக் கரைக்குப் போனோம். படகுகளும் அங்கேதான் வந்தன. தூரத்தில் காய்ந்த நிலத்தில் மூன்று வேன்கள், மூன்று கூரைமேலும் தராசோடு ஆட்கள் உட்கார்ந்து தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள்.

புதிதாக லோடு ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போன வாரம் அதிர்ஷ்டம் அடித்த இடம் இந்த வாரம் வெறும் இடம். வண்டியை நிறுத்தும் முன் அன்றைய காற்றைக் கேளுங்கள்.